எழுமலைச் சீமையில் பாலும் பனிக்கட்டியும்

புரதம் மிகுந்ததும் கலோரி குறைந்ததுமான ஐஸ்கிரீமை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கம், நேற்றோ இன்றோ மேல்நாட்டிலிருந்து நம் பட்டணங்களில் வந்திறங்கிய நூதன வித்தை என்றே இப்போது பலரும் எண்ணுகிறார்கள். தேகப்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வரும் வாலிபர்களும், சர்க்கரை வியாதிக்கு அஞ்சி இனிப்பைக் குறைத்துக்கொண்ட நடுவயதினரும் அதில் சிரத்தை காட்டுவதால், வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் எழுமலை வட்டாரத்தில் பால் எவ்வாறு கறக்கப்பட்டு, எவ்வாறு பிரிக்கப்பட்டு, யார் யாருக்குப் பங்காயிற்று என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பவருக்கு, அந்தப் பதார்த்தத்துக்கு ஆதாரமான காரியம், அதாவது பாலிலுள்ள கொழுப்பை விலக்கி எஞ்சிய சத்தை உண்பது, இந்த மண்ணில் வெகுகாலமாக நடந்துவந்ததே என்பதும், குளிர் ஒன்றுதான் இங்கே கடைசியாக வந்து சேர்ந்தது என்பதும் விளங்காமல் இரா. அப்படி வந்த குளிரும் முதலில் பாலைத் தேடி வரவில்லை. அந்தச் சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுமலை, பேரையூர் தாலுகாவைச் சேர்ந்த ஒரு பேரூர். 1895ஆம் ஆண்டில் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பப்பட்டபோது, வாடிப்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் நெல் விளையும் பூமியாக மாறின; எழுமலையோ அந்தப் பாக்கியத்துக்கு எட்டாத தூரத்தில், கண்மாயையும் வானத்தையும் நம்பிய புன்செய்க் காடாகவே நின்றது. கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த அந்தக் காட்டில், மழை பொய்த்த வருஷத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியது தொழுவத்தில் நின்ற மாடுதான். நாட்டு மாட்டின் மடியில் பால் அதிகம் சுரப்பதில்லை. ஆனால் வெயிலையும் வறண்ட தீவனத்தையும் தாங்கிக்கொண்டு அது கொடுத்த கொஞ்சம் பாலும் வீட்டின் சம்பத்தாகக் கருதப்பட்டது.

அந்தப் பாலை விற்கும் வழி அக்காலத்தில் கிராமத்துக்கு இல்லை. மதுரைச் சமவெளியின் கோடையில் காலையில் கறந்த பால் நடுப்பகலுக்குள் திரிந்துவிடும். மாட்டுவண்டியிலோ தலைச்சுமையிலோ அதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடவாத காரியம். ஆகையால் பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, விடியற்காலையில் மத்தால் கடைந்து, திரண்ட வெண்ணெயை எடுத்து உருக்கி, நெய்யாக்கிச் சந்தைக்கு அனுப்பினார்கள். நெய் வெயிலுக்கு அஞ்சாது, மாதக்கணக்கில் கெடாது, சிறிய பாத்திரத்தில் பெரிய விலையை அடக்கிக்கொண்டு பிரயாணம் செய்யும். இவ்வாறு பாலின் கொழுப்பு ஊரை விட்டுப் போயிற்று. போகாமல் நின்றது மோர். அது காசுக்கு விற்கப்படவில்லை; அண்டை அயலாருக்கு இனாமாகக் கொடுக்கப்பட்டது; கம்பங்கூழிலும் சோளக் கூழிலும் கரைக்கப்பட்டு, காட்டுவேலைக்குப் போகிறவர்களின் கலயத்தை நிரப்பியது. நெய் தின்ற நகரத்தான் பாக்கியசாலி என்றும், மோர் குடித்த கிராமத்தான் ஏழை என்றும் உலகம் எண்ணியது. கிராமத்தானும் அவ்வாறே எண்ணினான்.

இந்தப் பங்கீட்டை ஆகார சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால் வேறொரு தோற்றம் கிடைக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், டாக்டர் சி. கோபாலன் தலைமையில் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்திய உணவுகளின் அட்டவணையில், நூறு கிராம் பசும்பாலில் ஏறக்குறைய 4 கிராம் கொழுப்பும் 3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் 67 கலோரியும் உள்ளதாகக் கண்டிருக்கிறது. (அந்த நிறுவனம் நம் நீலகிரியில், குன்னூரில், 1918ஆம் ஆண்டு சர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வளர்ந்தது என்பதை நம்மவர் மறந்துவிட்டார்கள்.) ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது, ஒரு கிராம் புரதம் தருவது 4 மாத்திரமே. எனவே வெண்ணெய் பிரிந்ததும் பாலின் கலோரியில் பாதிக்கு மேல் அதனோடு போய்விடுகிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்துமோ அநேகமாக முழுவதும் மோரிலேயே நின்றுவிடுகின்றன. தண்ணீர் சேர்க்க சேர்க்க அந்தச் சத்தும் நீர்த்துப் போகும் என்பது உண்மை. வறுமை மிகுந்த வீட்டில் மோர் மிகவும் தெளிந்தே இருந்தது. ஆயினும் புரதம் மிகுந்து கொழுப்பு குறைந்த பாற்பொருளை அன்றாடம் உண்டவர்கள் யார் என்று கேட்டால், எழுமலையின் புன்செய்க் காட்டில் கூழ்க்கலயம் சுமந்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனிக் குளிரின் கதைக்கு வருவோம். அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து அந்தக் குளிர்ச்சியில் குடிநீரைக் குளிர வைத்ததையும், இமயமலைப் பக்கத்திலிருந்து பனிக்கட்டி வரவழைத்ததையும் அபுல் ஃபசல் தம் அயினி அக்பரியில் எழுதி வைத்திருக்கிறார். வடநாட்டின் குல்ஃபி அந்த ராஜபோகத்தின் வழிவந்தது. தென்னாட்டுக்குப் பனிக்கட்டி கடல்மார்க்கமாக வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரியான பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வாளால் அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833ஆம் ஆண்டில் டஸ்கனி என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏறக்குறைய 180 டன் ஏற்றிய அந்தக் கப்பல் நான்கு மாதம் கடலில் வந்தபின் சுமார் 100 டன் பனிக்கட்டி மிஞ்சியிருந்தது என்பதைக் கேட்டால் இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. சென்னையில் அவருடைய சரக்கைச் சேமிக்க 1842ஆம் ஆண்டில் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் பிலிகிரி அய்யங்காரின் மாளிகையாகி, 1897ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் தங்கிய புண்ணிய ஸ்தலமுமாகி, இப்போது அவர் பெயராலேயே விளங்குகிறது. அந்தப் பனிக்கட்டியை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்களே. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் பாஸ்டன் வியாபாரம் படுத்துவிட்டது.

மதுரைக்கு இரயில் வந்தது 1875ஆம் ஆண்டில். உசிலம்பட்டி வழியாகப் போடிநாயக்கனூருக்கு இரயில் ஓடியது 1928ஆம் ஆண்டில். இரயில் வந்தால் பனிக்கட்டியும் வரக்கூடும். ஆனால் பனிக்கட்டியால் மாத்திரம் பாலை உறைய வைக்க முடியாது. பனிக்கட்டி உருகும் நிலையில் அதன் உஷ்ணம் பூஜ்ய டிகிரி; சர்க்கரை கலந்த பாலோ அதற்கும் கீழே இறங்கினால்தான் உறையும். உப்பைக் கலந்தால் பனிக்கட்டி இன்னும் வேகமாக உருகி, உருகுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைத் தன்னைச் சுற்றியுள்ள பொருளிலிருந்து கவர்ந்துகொண்டு, பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையிலும் குளிர்ந்துவிடும். இந்த உபாயத்தை வைத்தே, 1843ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற அம்மையார் கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்கு உரிமம் பெற்றார். வெளியே மரவாளி, அதற்குள் தகரக் குவளை, இரண்டுக்கும் இடையில் பனிக்கட்டியும் கல்லுப்பும், குவளைக்குள் சுழலும் துடுப்பு. வீட்டில் ஐஸ்கிரீம் செய்யும் வழக்கம் உலகத்தில் வேரூன்றியது அந்த வாளியினால்தான். கல்லுப்புக்கு நமக்குத் தூத்துக்குடி உண்டு. பாலுக்குப் புன்செய்க் காடு உண்டு. இல்லாதது பனிக்கட்டி ஒன்றுதான்.

அது மின்சாரத்தோடு வந்தது. பைக்காரா, மேட்டூர், 1944ஆம் ஆண்டில் பாபநாசம் என்று தென்னாட்டில் நீர்மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, கம்பிகள் சிற்றூர்களை நோக்கி நீண்ட பிறகு, ஐஸ் கம்பெனிகள் சிறு பட்டணங்களிலும் தோன்றலாயின. உப்புநீர்த் தொட்டியில் தகர அச்சுகளை இறக்கி, அவற்றில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, மூங்கில் குச்சியைச் செருகி உறைய வைப்பது அந்தக் கம்பெனிகளின் முக்கியத் தொழில். விடிந்ததும் ஐஸ்காரர்கள் அவற்றை மரப்பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டியின் மூடியைத் தட்டி ஓசை எழுப்பியவாறு கிராமம் கிராமமாகச் சுற்றினார்கள். குச்சி ஐஸ், சேமியா ஐஸ், பால் ஐஸ் என்று அதில் தரங்கள் இருந்தன. மலிவானது குச்சி ஐஸ்; சிவப்பும் மஞ்சளுமான சாயத் தண்ணீர்; சிலவிடங்களில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின். அடியில் கொஞ்சம் சேமியா கிடந்தால் அது ஒரு படி மேல். பால் ஐஸ் எல்லாவற்றிலும் விலை கூடியது. அதனால் அதை வாங்கிய கைகள் குறைவு.

இந்த இடத்தில் நின்று ஒரு விஷயத்தை மனம் வருந்திச் சொல்லாமல் மேலே போக எனக்கு இயலவில்லை. தொழுவத்தில் மாடு கட்டியிருந்த வீட்டுப் பிள்ளை, தன் வீட்டுப் பால் வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருக்க, ஒரு சொட்டுப் பாலும் இல்லாத சாயத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிச் சப்பியது. கலோரி குறைந்த ஐஸ் கிராமத்துக்குப் புதிதன்று; புரதம் இல்லாத ஐஸாகத்தான் அது அங்கே அறிமுகமாயிற்று. வளரும் பிராயத்தில் எந்தச் சத்து மிகவும் தேவையோ, அந்தச் சத்து ஒன்றும் இல்லாமல் குளிர்ச்சி மாத்திரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அதற்கு ஐஸ்காரரைக் குறை சொல்வது நியாயமாகாது. வெயிலில் சைக்கிள் மிதித்து அவர் சம்பாதித்தது அற்ப லாபமே.

மதுரை நகரத்தில் அதே காலத்தில் வேறொரு பானம் பெயர் பெற்று வந்தது. விளக்குத்தூண் பக்கத்தில் இன்றும் கூட்டம் நின்று குடிக்கும் ஜிகர்தண்டாவைப் பற்றிச் சுவைப் பிரியர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். நான் அதன் கட்டுமானத்தை மாத்திரம் கவனிக்கும்படி வேண்டுகிறேன். பாலை மணிக்கணக்கில் அடுப்பிலே வைத்து, நிறம் மாறும் வரையில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். கடல்பாசியையோ பாதாம் பிசினையோ ஊற வைத்துச் சேர்க்கிறார்கள். நன்னாரி சர்பத் ஊற்றுகிறார்கள். மேலே பாசுந்தியும் ஐஸ்கிரீமும் வைக்கிறார்கள். ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகச் சுண்டினால் அதிலுள்ள புரதம் அளவுக்கு அளவு இரட்டிப்பாகிறது. கூடவே மோர்ப்புரதங்கள் வெந்து நீரைப் பிடித்துவைக்கும் குணத்தை அடைகின்றன. பாசியும் பிசினும் தம் எடையைப் போல் பலமடங்கு தண்ணீரை உறிஞ்சிக் கட்டிவைக்கின்றன. உறையும் பாலில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து நாக்கில் நறநறவென்று படாமல் காப்பதற்கு மேல்நாட்டு ஐஸ்கிரீம்காரர்கள் கொழுப்பையும், குவார் பிசின் போன்ற பொருள்களையும் சார்ந்திருக்கிறார்கள். கொழுப்பைக் குறைத்தால் அந்தப் பொறுப்பு முழுவதும் புரதத்தின் மேலும் பிசினின் மேலும் வந்து விழுகிறது. அந்த இரண்டும் மதுரைத் தெருவில் ஒரே கண்ணாடிக் குவளையில் முன்னமே சந்தித்துக்கொண்டன.

கடல்பாசியின் வரலாறு இன்னும் ரசமானது. மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கங்களில் பெண்கள் ஆழமில்லாத கடலில் மூழ்கி, பாறைகளிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்து வருகிறார்கள். கையில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி அவர்கள் செய்யும் வேலை எளிதன்று. 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னர், பரம்பரையாகப் போய்வந்த இடங்களே விலக்கப்பட்ட இடங்களாகி, அவர்களுடைய ஜீவனம் மேலும் கடினமாயிற்று. காயவைத்த அந்தப் பாசி மூட்டை மூட்டையாக மதுரைக்குத்தான் பெரும்பாலும் வந்தது. பாசியிலிருந்து அகர் காய்ச்சும் தொழில் நம் தேசத்தில் மதுரைப் பக்கத்திலேயே அதிகமாக வேரூன்றியது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய அகர் வருவது நின்றுபோனதால், நம்மவர்கள் சொந்தப் பாசியில் அகர் எடுக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். பின்னர் மண்டபத்தில் இருந்த மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும் குடிசைத் தொழிலாகவே அதைச் செய்யும் முறையை வகுத்துக் கொடுத்தார்கள். பாசியைக் கொதிக்க வைத்து வடித்த கூழை உறைய வைத்துப் பிறகு உருக விடுவது அந்த முறையின் முக்கிய அம்சம்: உருகும்போது தண்ணீரும் அழுக்கும் கழன்று ஓடிவிடச் சுத்தமான அகர் நிற்கிறது. இதிலிருந்து சமையலறைக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. தனியே கட்டியாக உறைந்த அகர், குளிரில் இறுகி உருகினால் தண்ணீரை விட்டுவிடும். ஆகையால் வீட்டு ஐஸ்கிரீமில் அதைச் சிட்டிகை அளவுக்கு மேல் சேர்க்கலாகாது. பாதாம் பிசினே அதைவிட விசுவாசமாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது.

பாலின் பங்கீடு மாறிய கதை தனி அத்தியாயம். 1946ஆம் ஆண்டில் பம்பாயில் தாரா குரோடி என்ற பார்சிக் கனவான், கொழுப்பு மிகுந்த எருமைப் பாலோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடரையும் தண்ணீரையும் கலந்து, புரதம் குறையாமல் கொழுப்பை மாத்திரம் குறைத்த மலிவான பாலை ஏழைகளுக்காக உண்டாக்கினார். சமன்படுத்திய பால் என்று இன்று நாம் பாக்கெட்டில் வாங்குவது அவர் கண்ட வழியே. இந்த ஏற்பாடு இந்தியாவில் பிறந்தது என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும். அதற்குப்பின், யுனிசெப் போன்ற சர்வதேச ஸ்தாபனங்களின் உதவியாக, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் மூட்டைகள் 1950களிலும் 1960களிலும் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்தன. 1956ஆம் ஆண்டில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கிய காலத்தில், பால்பவுடரைக் கரைத்து வரிசையில் நிறுத்திக் குழந்தைகளுக்குக் கொடுத்த காட்சியை நம் தலைமுறைப் பெரியவர்கள் பலரும் அறிவார்கள். நூறு கிராமில் 38 கிராம் புரதமும், இல்லையென்று சொல்லத்தக்க அளவு கொழுப்பும் கொண்ட பொருள் அது. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், கடலைப் பிண்ணாக்கு மாவில் முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவில் கால் பங்கும் சேர்த்துப் பல்நோக்கு உணவு ஒன்றைத் தயாரித்ததும் அதே கவலையினால்தான். புரதத்தை மலிவாக்குவது எப்படி என்பதே அக்காலத்து விஞ்ஞானிகளை உறங்கவிடாத கேள்வி.

சென்னை ராஜ்யத்தில் 1958ஆம் ஆண்டில் பால்வளத் துறை ஏற்பட்டது. 1970ஆம் ஆண்டில் தேசிய அளவில் வெண்மைப் புரட்சி தொடங்கிற்று. 1972ஆம் ஆண்டில் தமிழ்நாடு பால்வளக் கழகமும், 1981ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கங்களின் இணையமும் உருவாயின. ஆவின் என்ற பெயரில் கிராமச் சங்கங்களில் காலையும் மாலையும் பால் அளக்கப்பட்டபோது, எழுமலைப் பக்கத்துப் புன்செய்க் குடும்பங்களுக்கு வாரந்தோறும் ரொக்கம் கையில் வந்தது. கலப்பினப் பசுக்கள் வந்தன. வறட்சிக் காலத்திலும் அடுப்பு எரிந்தது. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாலின் விலை அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து நிர்ணயிக்கப்படுவதால், முழுப்பாலும் சங்கத்துக்கே போய், கடைவதற்கு வீட்டில் பால் மிஞ்சவில்லை. மத்து பரணுக்குப் போயிற்று. இனாமாகக் கிடைத்த மோர் அபூர்வமாயிற்று. கொழுப்போடு சேர்ந்து புரதமும் ஊரை விட்டு வண்டி ஏறிவிட்டது. பணத்தைக் கொடுத்து அந்தப் புரதத்தைத் திரும்ப வாங்கி வருவதுதான் இன்றைய கிராமத்து வீட்டின் வேலை.

மேல்நாட்டில் கொழுப்பைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டும் காரியம் வேறு மார்க்கத்தில் நடந்தது. கொழுப்பு குறைந்த ஐஸ்கிரீமை அமெரிக்கர்கள் நெடுங்காலம் பால் ஐஸ் என்ற தாழ்ந்த பெயரால் விற்று வந்தார்கள். 1990களின் நடுவில்தான் அரசாங்கம் அதைக் குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம் என்றே அழைக்க இடம் கொடுத்தது. 2012ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் தோன்றிய ஹாலோ டாப் என்ற கம்பெனி, டப்பாவின் முகப்பிலேயே கலோரிக் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, புரதத்தைக் கூட்டிச் சர்க்கரையைக் குறைத்து விற்று, ஐந்து வருஷத்துக்குள் அந்நாட்டின் சிறிய டப்பா வியாபாரத்தில் முதலிடத்துக்கு வந்தது. 2021ஆம் ஆண்டில் நிஞ்ஜா கிரீமி என்ற வீட்டு யந்திரம் வெளிவந்து, கல்லாக உறைந்த பாலைச் சுழலும் கத்தியால் சீவி மென்மையாக்கும் முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. நம் தேசத்துச் சட்டத்தில் ஐஸ்கிரீம் என்ற பெயருக்குக் குறைந்தது 10 சதவீதம் பாற்கொழுப்பு வேண்டும், 2.5 சதவீதத்துக்கு மேற்படாமல் இருந்தால் அது குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம். தாவரக் கொழுப்பைச் சேர்த்தால் அதற்கு ஐஸ்கிரீம் என்ற பெயரே கூடாது. கடையில் வாங்குவோர் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்ப்பது நலம்.

நிஞ்ஜா கிரீமி யந்திரத்தின் விலை எழுமலைக் குடும்பத்துக்கு எட்டாது என்பது உண்மையே. ஆனால் அதன் வேலையைச் செய்யும் கருவி அங்கே முன்னமே இருக்கிறது. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லாப் பொருள்களாக மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடுவீடாக வழங்கியபோது, எழுமலையைப் போன்ற ஊர்களின் அடுப்படியிலும் மிக்ஸி குடியேறியது. அதே ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்குக் கறவைப் பசுக்கள் கொடுக்கும் திட்டமும் தொடங்கிற்று. குளிர்பெட்டியும் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. மாடு, மிக்ஸி, குளிர்பெட்டி ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் கூடியது எழுமலையின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை.

இனிச் செய்முறை. அரை லிட்டர் இருமுறை சமன்படுத்திய பால், அதாவது 1.5 சதவீதக் கொழுப்புள்ள பால், எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்த மாட்டுப் பாலாக இருந்தால் காய்ச்சி, இரவெல்லாம் குளிர விட்டு, மேலே படிந்த ஆடையை முழுவதும் வழித்துவிட வேண்டும். அதில் 60 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கட்டியின்றிக் கரைத்து, 40 கிராம் சர்க்கரை சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறிச் சில நிமிஷம் கொதிக்க விட வேண்டும். முந்தின இரவே ஊறவைத்த பாதாம் பிசினில் இரண்டு கரண்டியைப் பால் ஆறிய பிறகு சேர்த்து மிக்ஸியில் அடிக்கலாம். ஏலமோ நன்னாரியோ அவரவர் ருசி. இந்தக் கலவையில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 6 கிராம் புரதமும் 100 கலோரியும் இருக்கும். கடையில் விற்கும் சாதாரண ஐஸ்கிரீமிலோ அதே எடைக்குப் புரதம் 3.5 கிராமை ஒட்டியும் கலோரி 200ஐ ஒட்டியும் இருக்கும். கடை ஐஸ்கிரீமில் காற்று பாதியளவுக்குக் கலந்திருப்பதால், கிண்ணத்தின் அளவை வைத்து ஒப்பிடாமல் எடையை வைத்தே ஒப்பிட வேண்டும். புரதத்தை இன்னும் கூட்ட விரும்பி பால்பவுடரை அள்ளிப் போடுவது பிசகு. அதிலுள்ள பாற்சர்க்கரை குளிரில் படிகமாகி, பதார்த்தம் மணலைப் போல் நெருடும். அதற்குப் பதில் ஆடை நீக்கிய பாலில் தோய்த்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடிந்த பின் நிற்கும் கெட்டித் தயிரைச் சேர்ப்பது உத்தமம். நூறு கிராமில் 22 கிராம் புரதம் கொண்ட பொட்டுக்கடலையை மாவாக்கி ஒரு கரண்டி கலந்தாலும் வழவழப்புக் கூடும். கருப்பட்டி போட்டால் மணம் உயரும். ஆனால் கலோரி குறைந்துவிடும் என்று நம்பிப் போடுவது வீண். அதன் கணக்கும் சர்க்கரையின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றே. சர்க்கரை வியாதி உள்ளவர்கள், பாலிலும் பவுடரிலும் இயற்கையான பாற்சர்க்கரை நிற்கிறது என்பதை மனத்தில் வைத்து அளவோடு உண்ண வேண்டும்.

அடித்த கலவையை ஐஸ் தட்டிலோ ஆழமில்லாத பாத்திரத்திலோ ஊற்றி, இரவு முழுவதும் உறைய விட வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் குறைந்திருப்பதால் அது கட்டாயம் கல்லாக இறுகும். அதைக் குற்றமென்று கருத வேண்டாம். வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் வைத்து, துண்டுகளாக உடைத்து, இரண்டு கரண்டி குளிர்ந்த பால் ஊற்றி, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினால், முதலில் பொடிப்பொடியாக உதிர்ந்து, பிறகு திடீரென்று ஒன்றுகூடி மென்மையாகத் திரளும். திரண்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓட்டினால் மிக்ஸியின் சூட்டில் அது உருகத் தொடங்கும். மிஞ்சியதை மறுபடியும் உறைய வைக்கலாம். மறுநாள் அதே மாதிரி மீண்டும் ஒருமுறை அடித்தால் முதல்நாள் பதத்துக்கே திரும்பி வரும்.